மூன்று ஈசிஜியும் ஒரு 'ஒண்ணுமில்ல'யும்

எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. உள்ளே அம்மாவின் மூன்று ஈசிஜி. காகிதம் பழுத்து, கோடுகள் பாதி அழிந்துவிட்டன.

அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும். "உசுரு போகுதுடி, அப்பாவக் கூப்பிடு" என்பார். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கியிருக்கும். டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கீங்க" என்பார். நல்ல செய்திதான். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா பேசமாட்டார். மூன்றாவது முறை பாட்டி வாய்விட்டே கேட்டுவிட்டார்: "ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் சொல்லவில்லை. படபடப்பு வந்தால் அடுப்படியில் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

எம்.எஸ்சி. உளவியல் படிக்கும்போது 'பேனிக் அட்டாக்' பாடம் வந்தது. திடீரெனக் கிளம்பும் பெரும் பயம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, செத்துவிடுவோம் என்ற எண்ணம். அன்று ராத்திரியே ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப நான் நடிக்கலல்ல?" என்றார்.

இந்த மனநல ஆலோசகர் வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் முதல் வார்த்தையும் அதே 'ஒண்ணுமில்ல'தான். "ஒண்ணுமில்ல மேடம், வீட்ல போகச் சொன்னாங்க, வந்தேன்." அதனால் "என்ன பிரச்சினை?" என்று நான் ஆரம்பிப்பதில்லை. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது விழிப்பு வந்தது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். மூன்று மணிக்கு முழிப்பு வந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கதை அங்கிருந்துதான் வெளியே வரும். அழுதால் டிஷ்யூ டப்பாவை நீட்டமாட்டேன். 'போதும், துடைத்துக்கொள்' என்று சொல்வது போலாகிவிடும். டப்பா எட்டும் தூரத்தில் இருக்கும். நம் ஊரில் முந்தானையும் துண்டும் இருக்க அதை எடுப்பவர்களும் குறைவு.

தொடக்கத்தில் நானும் புத்தி சொன்னவள்தான். ஒரு கல்லூரி மாணவரிடம், "அப்பாகிட்ட மனசு விட்டுப் பேசுங்களேன்" என்று முதல் நாளே யோசனை சொன்னேன். தம்பி தலையாட்டிவிட்டுப் போனார், திரும்ப வரவேயில்லை. என்னை மேற்பார்வையிட்ட மூத்த ஆலோசகர் கேட்ட கேள்வி இன்னும் குத்துகிறது: "அந்த யோசனை அவனுக்கா, உன் பதற்றத்துக்கா?" அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில் ஆலோசகரிடம் இருக்க வேண்டியதாகச் சொன்னவை மூன்று: ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அந்தத் தம்பி வராமல் போன பிறகுதான் விளங்கியது.

பேருந்து நடத்துநர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்ற பயத்தோடு வந்தவர். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட், தைராய்டு எல்லாம் நார்மல். இதையெல்லாம் முதலில் பார்த்தே ஆக வேண்டும். நெஞ்சுவலியோடு யாரும் நேரே என்னிடம் வரக்கூடாது. அவரை எங்கள் கட்டட மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லி, நானும் கூடவே ஏறினேன். இரண்டு பேருக்கும் இரைத்தது. "இப்பவும் நெஞ்சு அடிக்குதே, பயமா இருக்கா?" "படியேறினா அடிக்கத்தானே மேடம் செய்யும்?" "பஸ்ல அடிச்சப்போ மட்டும் ஏன் சாவு ஞாபகம் வந்துச்சு?" படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன் மாரடைப்பில் இறந்தது 43 வயதில். இவருக்கு அந்த மாசம்தான் 43 முடிந்திருந்தது. நெஞ்சு அடிப்பதைச் சாவின் அறிகுறியாக மனம் படித்துவிடுகிறது. அந்தப் பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. இந்தச் சுழலை அவிழ்ப்பதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. அவரோடு எட்டு வாரம் ஆனது. சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். அதை எழுத வேண்டியவர் மனநல மருத்துவர். எனக்கு அந்த உரிமை கிடையாது.

அவர் மனைவி போன் செய்து, "என்னதான் சொன்னார்?" என்று கேட்டார். நியாயமான தவிப்பு. ஆனாலும் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மீறுவேன். அதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஃபீஸ் கட்டுவது மாமியாராகவே இருந்தாலும் இதில் மாற்றமில்லை!

நேரில் வர முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் வருகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்து வாருங்கள், நார்மல் என்று வந்தவற்றையும் சேர்த்து.