கத்திரி வெயில்ல புள்ளைய எங்க கூட்டிட்டு போறது?

மே மாசம் வந்தாலே திங்கட்கிழமை காலைல என் கிளினிக்ல கூட்டம் தாங்காது. முக்கால்வாசி முந்தின நாள் ஞாயித்துக்கிழமை வெளிய போயிட்டு வந்த குழந்தைங்கதான். தலைவலி, வாந்தி, உடம்பு கொதிக்குது, ரெண்டு நாளா சரியா ஒண்ணுக்கு போகல, முதுகு பூரா வேர்க்குரு. கூட வர்ற பாட்டி அம்மாவ முறைச்சிட்டே, "நான் அப்பவே சொன்னேன் டாக்டர், வெயில் காலத்துல புள்ளைய வெளிய கூட்டிட்டு போகாதன்னு, கேட்டாத்தானே"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் பாட்டி பக்கம் சேர மாட்டேன்னு தெரிஞ்சதும் என்னையும் முறைப்பாங்க.

ஏன்னா லீவு ரெண்டு மாசமும் ஏசி ரூம்ல போனோட உக்கார வச்ச புள்ளைங்களும் ஜூன்ல என்கிட்டதான் வருது, அது வேற கதை. வெளிய போனது தப்பில்ல, போன நேரம்தான் தப்பு.

சென்னை வெயில் மதுரை, வேலூர் வெயில் மாதிரி இல்ல. அங்க வேர்வை வந்ததும் காஞ்சிடும், காயும்போது உடம்பு சூட்டையும் எடுத்துட்டு போயிடும். இங்க காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை காயாம உடம்புலயே வழியும், சட்டை நனையும், சூடு மட்டும் உள்ளயே நிக்கும். போன்ல 36 டிகிரின்னு காட்டுதேன்னு நம்பி கிளம்பாதீங்க. பெரியவங்களுக்கே இப்படின்னா குழந்தைங்களுக்கு எடைக்கு தோல் பரப்பு அதிகம், வேர்க்கறதும் கம்மி, அதனால சீக்கிரம் சூடாயிடும். அதோட முடியலன்னு அதுங்க உக்காராது, ஓடிட்டே இருந்துட்டு திடீர்னு சுருண்டு படுக்கும்.

நம்ம ஊருக்குன்னு இருக்கற ஒரே கொடுப்பினை கடல் காத்து. நல்ல நாள்ல மதியம் பன்னெண்டு ஒரு மணிக்கெல்லாம் பெசன்ட் நகர்ல காத்து திரும்பிடும், தாம்பரம் பக்கம் போய் சேர இன்னும் நேரமாகும். மேற்குல இருந்து வர்ற மேல்காத்து பலமா அடிச்சா கடல் காத்து லேட்டாகும், சில நாள் வரவே வராது, 2003 மே 31ம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சே அந்த மாதிரி நாளெல்லாம் வீட்லதான் இருக்கணும். வெளிய போகறதுக்கு முன்னாடி மொட்டை மாடில ஏறி காயப்போட்ட துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க, மேற்கு பக்கம் பறந்தா கடல் காத்து வந்துடுச்சுன்னு அர்த்தம், நான் அப்படித்தான் பாக்கறேன், கிண்டல் பண்றவங்க பண்ணட்டும்.

அப்ப எப்ப போகலாம்னா, மே மாசத்துல அஞ்சே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துடுது. அஞ்சரைக்கு பீச்ல இருந்தா ஏழரை வரைக்கும் புள்ளைங்க மண்ல புரளலாம். சாயங்காலம்னா அஞ்சு மணிக்கு மேல, ஆறரைக்கு இருட்டினப்புறமும் இருக்கலாம். நாலு மணிக்கே மெரினாவுக்கு போறாங்க பாருங்க, அது வேண்டாம். சில இடத்துல ரோட்ல இருந்து தண்ணிக்கு 400 மீட்டருக்கு மேல மணல், அந்த நேரத்துல அது வறுகடலை வறுக்கற மணல் மாதிரிதான் இருக்கும், அதுல செருப்ப கையில வச்சுட்டு புள்ளைய ஓட விடுவாங்க. தண்ணிகிட்ட போனாலும் கால நனைக்கறதோட சரி, அங்க இழுப்பு அதிகம்.

வண்டலூர் ஜூ காலைல ஒன்பது மணிக்குத்தான் திறக்கறாங்க, 602 ஹெக்டேர், நடந்து சுத்தி முடிக்கறப்போ உச்சி வெயில் ஆயிடும். யானைக்கே தண்ணி பீய்ச்சி குளிப்பாட்டற சீசன்ல நம்ம புள்ள தொப்பி கூட இல்லாம நிக்குது. அத டிசம்பர், ஜனவரிக்கு வச்சுக்கோங்க, செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு.

பார்க்ல சறுக்குமரத்த முதல்ல உங்க புறங்கைய வச்சு பாருங்க. போன வருஷம் ரெண்டு வயசு பொண்ணு தொடை பின்னாடி கொப்புளத்தோட வந்துச்சு, மதியம் மூணு மணி, தகர சறுக்கு, குட்டி கவுன். அந்த கருப்பு ரப்பர் தரையும் அதே கதைதான். தள்ளுவண்டில இருக்கற கைக்குழந்தைக்கு வெயில் படாம இருக்க துணி போட்டு மூடறது இன்னொண்ணு, உள்ள காத்து போகாம புழுங்கிடும். வண்டிய நிழல்ல நிறுத்துங்க, துணி வேண்டாம். பார்க் பண்ண கார்ல "ரெண்டே நிமிஷம்"னு புள்ளைய விட்டுட்டு இறங்கறது பத்தி நான் பேசவே விரும்பல, பத்து நிமிஷத்துல உள்ள பத்து டிகிரி ஏறிடும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெருசா பிரயோஜனம் இல்ல.

குடிக்க தண்ணி, மோர், இளநீர், நுங்கு, இதுக்கு மேல என்ன வேணும். தாகம்னு கேக்கற வரைக்கும் காத்திருக்காம இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் விளையாட்ட நிறுத்தி அரை டம்ளர் குடுங்க. ஆறு மாசத்துக்குள்ள இருந்தா தாய்ப்பால் மட்டும், அடிக்கடி, தண்ணி கிடையாது. ஓஆர்எஸ்னு சொல்ற உப்பு-சர்க்கரை பவுடர் பாக்கெட்டுல ஒரு லிட்டர்னு போட்டிருந்தா ஒரு லிட்டர்லதான் கலக்கணும், டம்ளர்ல பாதி பாதியா கொட்டக்கூடாது. டப்பால ஸ்ட்ராவோட வர்ற ஸ்வீட் ஜூஸ ஓஆர்எஸ்னு நம்பி குடுத்தவங்க நிறைய பேர். அந்த மாதிரி டிரிங்க்ஸ் மேல அந்த பேரே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, இருந்தாலும் பேக்க திருப்பி படிச்சு பாருங்க.

சோர்ந்து போய் வாந்தின்னு சொன்னா நிழல், ஈரத்துணி, ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா. ஆனா உடம்பு நெருப்பா கொதிச்சு, உளறுது, கூப்பிட்டா சரியா பாக்கல, வலிப்பு வருதுன்னா அது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். 108க்கு போன் பண்ணிட்டே டிரஸ்ஸ கழட்டி குழாய்த்தண்ணிய மேல ஊத்தி விசிறுங்க, "ஜன்னி வந்துடும்"னு யாராவது தடுத்தாலும் ஊத்துங்க. நினைவு சரியில்லாத குழந்தை வாய்ல எதையும் ஊத்தாதீங்க. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது, காய்ச்சல்ல மூளையே சூட்ட ஏத்துது, இதுல வெளிய இருந்து ஏறின சூடு, மருந்துக்கு அங்க வேலையே இல்ல.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு அலாரம். சின்னவன் ஆட்டோல தூங்கிட்டேதான் வருவான், பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல இறங்கி மணல்ல கால் பட்டதும் முழிச்சிக்குவான். ஏழரைக்கு வீட்டுக்கு வந்து குளிச்சு இட்லி சாப்பிட்டுட்டு பன்னெண்டு மணி வரைக்கும் மறுபடி தூக்கம், அவனுக்கில்ல, எனக்கு.