வெப் அசெம்பிளியும் 8 ஜிபி காலி மனையும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டாள்: "அண்ணா, சி-யில எழுதினதை கம்பைல் பண்ணி பிரவுசர்லயே ஓட்டுறாங்களே, முன்பின் தெரியாத வெப்சைட் நம்ம லேப்டாப்ல அப்படி ஓட்டினா பயமில்லையா?"

நியாயமான பயம்தான். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வெப்சைட்டின் நிரலை ஓட்டிய ஆக்டிவ்எக்ஸ் காலத்தில் ஒரு பக்கம் இறக்கிய நிரல், நம் கணினியில் நாம் தொடக்கூடிய எல்லாவற்றையும் தொட முடிந்தது.

அவள் கேட்டது வெப் அசெம்பிளி பற்றி: சி போன்ற மொழியில் எழுதியதை பிரவுசர் ஓட்டக்கூடிய கட்டளைகளாகக் கம்பைல் செய்யும், அதாவது மாற்றும், வடிவம். அது 2017-ல் முக்கியமான நான்கு பிரவுசர்களுக்கும் வந்தது. 2019 டிசம்பரில் தரநிலையானது. ஓட்டும் முன்பே பிரவுசர் நிரலை முழுக்கச் சரிபார்த்துவிடும். நிரலால் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. கோப்பு, நெட்வொர்க் எல்லாம் வெளியிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. சரி, இதெல்லாம் பாடத்திலேயே இருக்கும். நான் மயங்கியது நினைவகத்துக்குப் போட்டிருக்கும் வேலியில்.

நிரலுக்குக் கிடைப்பது நீளமான ஒரு பைட் வரிசை. அது 64 கேபி பக்கங்களாக வளரும். ஒவ்வொரு பைட்டைத் தொடும்போதும் 'எல்லைக்குள்தானா?' என்று சோதித்தால் வேகம் போய்விடும். வழக்கமான வெப் அசெம்பிளியில் முகவரி 32 பிட், அதோடு கூட்டும் ஆஃப்செட்டும் (எவ்வளவு தள்ளி என்னும் எண்) 32 பிட். இரண்டும் உச்சத்தில் இருந்தாலும் கூட்டுத்தொகை 8 ஜிபியைத் தாண்டாது. அதனால் 64 பிட் கணினியில் எஞ்சின் (பிரவுசருக்குள் நிரலை ஓட்டும் பகுதி) 8 ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாக முகவரிகளை மட்டும் வளைத்துப் போட்டுக்கொள்கிறது. ரேம் செலவாகாது. ஊருக்கு வெளியே லேஅவுட் போட்டு மனைக்கு மனை நம்பர் கல் நட்டிருப்பார்களே, அதேபோல: நம்பர் உண்டு, வீடு இல்லை. நிரல் தப்பான கதவைத் தட்டப் போனால் நிற்பது காலி மனையில்தான். ப்ராசஸர் அந்தக் கணமே ஃபால்ட் (பிழை அறிவிப்பு) எழுப்பும், எஞ்சின் நிரலை நிறுத்திவிடும். சோதிக்கத் தனியாக ஒரு கட்டளைகூட வேண்டாம்!

வேலிக்கு உள்ளே கதை வேறு. லினக்ஸில் பூஜ்ய முகவரியில் எழுதினால் நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட்டில், அதாவது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழையில், செத்துவிடும். இங்கே பூஜ்யமும் முறையான முகவரிதான், சத்தமில்லாமல் எழுதப்பட்டுவிடும். பஃபர் (தரவுக்கு ஒதுக்கிய இடம்) வழிந்தால் பக்கத்துத் தரவு கெடும். கணினிக்கே நேரடியாகக் கம்பைல் செய்தால் தடுக்கப்படும் பழைய தாக்குதல்கள் சில இங்கே மறுபடி பலிக்கின்றன என்று 2020-ல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஓர் ஆய்வு காட்டியது. கணினி தப்பும், அந்தப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்த தகவல் தப்பும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் 2018-ல் வெளியான ஸ்பெக்டர் என்னும் ப்ராசஸர் ஓட்டை. ப்ராசஸர் ஊகித்து முன்கூட்டியே ஓட்டும்போது வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்துவிடுகிறது. ஐஐடி மெட்ராஸ் 'சக்தி' ப்ராசஸரை வடிவமைத்திருக்கும் நம் நாட்டில் இந்தக் கசிவு ஆராய்ச்சிக்குத் தாராளமாக நிதி தர வேண்டும் என்பது என் கருத்து. சிப்பாக வார்த்த பிறகு ஓட்டையை அடைப்பது பெரும்பாடு.

"எஞ்சின்லயே பக் இருந்தா?" என்றாள் அடுத்து. இருந்தால் வேலி உடையும்தான். அதற்காகத்தான் பிரவுசர் இதையெல்லாம் அதிகாரம் குறைந்த தனி ப்ராசஸில் அடைத்து வைக்கிறது, பக் தெரிந்ததும் அப்டேட் அனுப்புகிறது என்றேன். படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். பிரவுசரின் வலது மூலையில் அப்டேட் பொத்தான் சிவந்து கிடந்தது.