ஹெம்ப் என்றால் சணல் அல்ல

அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஹெம்ப் டி.எச்.சி. மிட்டாய்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், அதைச் 'சணலிலிருந்து எடுக்கப்பட்ட டி.எச்.சி.' என்று எழுதுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். மொழிபெயர்ப்பு இயந்திரங்களும் இதையேதான் தருகின்றன. சணல் எண்ணெய், சணல் விதைப் பொடி, சணல் மிட்டாய் என்று பட்டியல் நீள்கிறது. டி.எச்.சி. என்பது கஞ்சாவில் போதை தரும் பொருள்; சணலில் அது கிடையாது. ஒரு வண்டிச் சணலைக் காய்ச்சி வடித்தாலும் ஒரு துளி வராது. சின்னப் பிழைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. சணல் என்று படிக்கிறவர் கோணிப்பையை நினைப்பார். பொட்டலத்துக்குள் இருப்பதோ கஞ்சாவின் போதைச்சத்து.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹெம்ப் பழைய ஜெர்மானியச் சொல். கிரேக்கத்தின் கன்னாபிஸும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மொழியியலார் கருத்து. ஒலி மட்டும் அந்தந்த மொழியின் போக்குக்கு மாறியிருக்கிறது. கப்பல் பாய்க்குப் பயன்பட்ட கான்வாஸ் துணியின் பெயரும் கன்னாபிஸிலிருந்து வந்ததுதான். நம் கஞ்சா, வடமொழியின் கஞ்ஜாவிலிருந்து வந்தது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களோடு அது ஜமைக்காவுக்குப் போய், அங்கே ஊர்ச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆக ஹெம்ப், கன்னாபிஸ், கஞ்சா மூன்றும் ஒரே செடியின் பெயர்கள். மெக்சிகோ ஸ்பானியத்திலிருந்து வந்த மரிஜுவானாவும் அதே செடிதான்.

அப்படியென்றால் சணல் எங்கிருந்து உள்ளே வந்தது? ஆங்கிலத்தின் குழப்பத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் கயிறு என்றாலே ஹெம்ப் கயிறு என்றிருந்த காலத்தில், புதிதாக எந்த நார்ச்செடியைப் பார்த்தாலும் ஆங்கிலேயர்கள் ஹெம்ப் என்றே பெயர் வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் வாழைக்கு உறவான அபாக்காவின் நார் 'மணிலா ஹெம்ப்' ஆனது. நம் புளிச்சை 'டெக்கான் ஹெம்ப்' ஆனது. உழவர்கள் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிறார்களே, அந்தச் சணப்பு 'சன் ஹெம்ப்' ஆனது. அந்தச் 'சன்' நம்மூர்ச் சணம்தான். சூரியனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அகராதியில் சணப்புக்கும் சணலுக்கும் பொருள் எழுதும்போது ஹெம்ப் என்ற சொல் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு அகராதியைத் திருப்பிப் போட்டவர்கள், ஹெம்ப் என்றால் சணல் என்று எழுதிவிட்டார்கள். 'நம்மூர்ச் சணல் ஒரு வகை ஹெம்ப்' என்று ஆங்கிலேயர் சொன்னதிலிருந்து 'ஹெம்ப் என்றால் சணல்' என்று முடிவுகட்ட வழியில்லை. வழியில்லாத முடிவுதான் அச்சாகி, அச்சிலிருந்து இயந்திரத்துக்கும் போய்விட்டது.

செடிகளையே பார்த்துவிடுவோம். இன்று தமிழில் சணல் என்றால் வங்காளத்தில் விளையும் சாக்குச் சணல். வெண்டைக்கும் செம்பருத்திக்கும் உறவு. சணப்பு அவரைக் குடும்பத்துச் செடி. கஞ்சா இரண்டுக்கும் சொந்தமில்லை. அதன் நெருங்கிய உறவு, பீரில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் கொடி. மூன்று குடும்பங்களைச் சேர்ந்த மூன்று செடிகளுக்கு ஒரே பெயர் எதற்கு?

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. சணம் என்ற வடசொல்லே பழைய நூல்களில் சில இடங்களில் கஞ்சாச் செடியைக் குறித்தது என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். எனவே சணல் என்பது பழமைக்கு ஒத்ததுதான் என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு சொல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் என்ன குறித்தது என்பது ஆய்வுக்கு வேண்டும். இன்று மருந்துப் புட்டியின் மேல் எழுத, இன்று அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதுதான் வேண்டும். சணல் கயிறு கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆங்கிலேய அரசே இந்தியாவில் ஹெம்ப் என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். 1893-94இல் இங்கே விசாரணை நடத்திய குழுவின் பெயர் இந்திய ஹெம்ப் போதைப்பொருள் ஆணையம். அது விசாரித்தது கஞ்சா, அதன் பிசினான சரஸ், அதன் இலையான பங்கு மூன்றையும்தான். சாக்குமில் பக்கம் அது போகவே இல்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலும் கன்னாபிஸ் என்ற சொல்லை அடுத்து, அடைப்புக்குறிக்குள் ஹெம்ப் என்றே இருக்கிறது. அதைச் சணல் என்று பெயர்த்தால் கோணிப்பை வைத்திருப்பவரை எல்லாம் பிடிக்க வேண்டும்.

சரி, சணலை விட்டுவிட்டு என்ன சொல்வது? 'போதையில்லாக் கஞ்சா', 'குறைபோதைக் கஞ்சா' என்றெல்லாம் சொல்லிப்பார்க்கத் தோன்றும். சணலைவிட இவை மேல். ஆனால் இவற்றையும் நான் ஏற்கமாட்டேன். காரணம் ஹெம்புக்கு அமெரிக்கச் சட்டம் தரும் வரையறையிலேயே இருக்கிறது.

2018 டிசம்பரில் கையெழுத்தான வேளாண் சட்டத்தின்படி, உலர் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. (போதைக்கு முக்கியக் காரணமான டி.எச்.சி. வகை) 0.3 விழுக்காட்டுக்கு மேல் போகாத கன்னாபிஸ் சட்டைவா, அதாவது கஞ்சாச் செடி, எல்லாமே ஹெம்ப். செடி மட்டுமல்ல, அதன் சாறுகள், வழிப்பொருள்கள், மாற்றியங்களும் அதில் அடக்கம். இந்த 0.3 என்ற எண் எர்னெஸ்ட் ஸ்மால், ஆர்தர் க்ரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் 1976இல் செடிகளை வகைபிரிக்கப் போட்ட கோடு. இளம் இலைகளில் அளந்து பார்க்க, தாங்களாக வைத்துக்கொண்ட எல்லை அது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எவ்வளவு தின்றால் போதை ஏறும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிராம் எடையுள்ள ஒரு ஜெல்லி மிட்டாயில் 0.3 விழுக்காடு என்றால் 15 மில்லிகிராம். பழக்கமில்லாத ஒருவரை நன்றாகவே தள்ளாட வைக்கும் அளவு. 355 மில்லி பான டப்பா ஒன்றில் அதே விழுக்காடு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும். தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். உலர்ந்த செடிக்குக் குறைவாக இருந்த எண், மிட்டாயின் எடையில் தாராளமாக ஆகிவிட்டது. அதைக் 'குறைபோதை' என்று எழுதினால் படிக்கிறவரை ஏமாற்றியதாக ஆகும். மினசோட்டா மாநிலம் 2022இல் இத்தகைய தின்பண்டங்களை அனுமதித்தபோது விழுக்காட்டோடு நிற்கவில்லை. ஒரு தடவைக்கு 5 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 50, வாங்குகிறவருக்கு 21 வயது என்று வரம்பு கட்டியது. அளக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

என் முடிவு இதுதான். நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் செடியை நார்க்கஞ்சா என்று சொல்லலாம். எந்தச் செடி என்பதும் சொல்லில் இருக்கிறது, எதற்கு வளர்க்கிறார்கள் என்பதும் இருக்கிறது. உத்தரகண்டில் 2018 முதல் உரிமம் பெற்று வளர்ப்பது நார்க்கஞ்சா. அதன் விதையிலிருந்து ஆட்டுவது கஞ்சா விதை எண்ணெய். மிட்டாய், பானம், புகைக்கும் திரவம் என்று வரும்போது 'நார்' என்ற முன்னொட்டும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை நாருக்கு வளர்த்த செடியிலிருந்து வருவதே இல்லை. அங்கே கஞ்சா டி.எச்.சி. என்று நேராகவே எழுதலாம். அமெரிக்கச் சட்ட வகையைச் சொல்லியாக வேண்டிய இடத்தில் மட்டும் ஹெம்ப் என்று தமிழ் எழுத்தில் எழுதி, ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

கஞ்சாவும் வடசொல்தானே, தூய தமிழ்ச் சொல் தேடலாமே என்பவர்களுக்கு: சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி என்ற அழகான பெயர் இருக்கிறது. மருந்து நூலைப் பற்றி எழுதும்போது அதைத் தாராளமாக எடுத்தாளுங்கள். எரிபொருள் நிலையத்தில் விற்கும் மிட்டாய்க்கு அந்தப் பெயரைச் சூட்டினால், மருந்து என்ற நம்பிக்கையையும் சேர்த்தே விற்றதாகிவிடும். எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு முக்கியம். கஞ்சா என்ற சொல்லைக் கேட்டதும் தமிழருக்கு ஓர் எச்சரிக்கை உணர்வு வருகிறது. அந்த உணர்வை மொழிபெயர்ப்பாளர் அழிக்கக் கூடாது.

அப்புறம், 'எடுக்கப்பட்ட' என்ற சொல். ஹெம்பிலிருந்து 'எடுக்கப்பட்ட' டெல்டா-8 என்கிறார்கள். இதுவும் போதை தரும் ஒரு டி.எச்.சி. வகை. டெல்டா-8 செடியில் மிக மிகக் குறைவு; அதைப் பிழிந்தெடுத்து விற்றுக் கட்டுப்படியாகாது. செடியிலிருந்து எடுப்பது அதிலுள்ள இன்னொரு பொருளான, போதை தராத சி.பி.டி.யை. அதோடு அமிலமும் கரைப்பானும் சேர்த்து, ஆய்வுக்கூடத்தில் டெல்டா-8 ஆக மாற்றுகிறார்கள். சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் அந்த வேதிப்பொருள்களின் மிச்சமும் கூடவே வரும். எனவே 'சி.பி.டி.யை மாற்றிச் செய்தது' என்றுதான் எழுத வேண்டும். 'இயற்கையாக எடுக்கப்பட்டது' என்று எழுதுகிறவர் விற்பவரின் விளம்பரத்தைத்தான் மொழிபெயர்த்திருக்கிறார், பொருளை அல்ல.

இதைவிட மோசம், 'சட்டத்துக்கு உட்பட்டது' என்று இருப்பதை 'அரசு அங்கீகரித்தது' என்று எழுதுவது. இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எந்த டெல்டா-8 பொருளையும் அங்கீகரிக்கவில்லை. அதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டிருக்கிறது. சட்டமும் எல்லா மாநிலத்திலும் ஒன்றில்லை. சிலவற்றில் தடை, சிலவற்றில் வயது வரம்பு, சிலவற்றில் அளவு வரம்பு. 2025 நவம்பரில் நிறைவேறிய செலவினச் சட்டம் வரையறையையே மாற்றுகிறது. டெல்டா-9 மட்டும் போதாது, மொத்த டி.எச்.சி.யைக் கணக்கில் எடுக்க வேண்டும். விற்பனைக்கு வரும் ஒரு புட்டிக்கோ பொட்டலத்துக்கோ 0.4 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. செடிக்கு வெளியே செயற்கையாக ஆக்கியது ஹெம்ப் ஆகாது. 2026 நவம்பரிலிருந்து இது நடைமுறை என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆகவே 'சட்டத்துக்கு உட்பட்டது' என்று எழுதினால், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊருக்கு வருகிறவர்கள் இதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. இந்தியச் சட்டத்தின் மனமயக்கிப் பொருள்கள் பட்டியலில் டி.எச்.சி.யின் பெயரே இருக்கிறது. அமெரிக்கக் கடை ரசீது சென்னை விமான நிலையத்தில் செல்லாது. இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அனுமதித்தது கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றைத்தான். அதிலும் கிலோ விதைக்கு 5 மில்லிகிராம், கிலோ எண்ணெய்க்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.க்கு மேல் கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டிருந்தாலும் அது அவர்கள் நாட்டில் குற்றம். 'சணல் மிட்டாய்' என்று தமிழில் படித்துவிட்டு ஒருவர் வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

பொட்டலத்தின் பின்பக்கத்துக்கும் நல்ல தமிழ் தேவை. 'பரிமாறல் ஒன்றுக்கு' என்று எழுதுகிறார்கள். இலை போட்டா பரிமாறுகிறோம்? 'ஒரு தடவைக்கு' என்றால் யாருக்கும் புரியும். ஒரு மிட்டாயே இரண்டு தடவைக்கு உரியதாக இருக்கும் பொட்டலங்கள் உண்டு. அதைப் 'பாதி மிட்டாய்' என்றே எழுதிவிடுங்கள். தின்றது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். வயிற்றுக்குள் போன டி.எச்.சி.யைக் கல்லீரல் இன்னும் வலுவான ஒரு பொருளாக மாற்றுகிறது. அதனால் போதை தாமதமாக வந்து பல மணி நேரம் நிற்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவதை எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த நாளில் வண்டி ஓட்டக் கூடாது. கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். வேலைக்கான சிறுநீர்ச் சோதனை, இது ஹெம்பா மரிஜுவானாவா என்று பிரித்துப் பார்க்காது; டெல்டா-8 தின்றவரும் சிக்குவார். வாங்கத்தான் போகிறேன் என்கிறவர், தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகம் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கே (பேட்ச்) கொடுத்த சான்று இருக்கிறதா, அதில் கரைப்பான், ஈயம் போன்றவற்றின் அளவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும்.

கடைசி வரி குழந்தைகளைப் பற்றியது. 'குழந்தைகளின் அணுகலிலிருந்து விலக்கி வைக்கவும்' என்று அதையும் கெடுத்து வைத்திருக்கிறார்கள். 'குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். இது கஞ்சா கலந்த மிட்டாய்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே 'குழந்தை தின்றுவிட்டால் உடனே 1-800-222-1222 என்ற அமெரிக்க நச்சு உதவி எண்ணை அழையுங்கள். மூச்சுத் திணறினாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ 911' என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.