பழைய அலுமினியப் படகு: ஓட்டை எங்க விழுது, ஏன் விழுது

அமெரிக்காவுல மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் போனா பல வீட்டுக் கொல்லையில ஒரு 14 அடி அலுமினியப் படகு டிரெய்லர் மேல கெடக்கும், மேல கிழிஞ்ச தார்ப்பாய், உள்ள ரெண்டு மூணு வருஷத்து இலைச்சருகு. 50, 60 வருஷம் ஆன படகா இருக்கும், ஆனா தகடைத் தட்டிப் பாத்தா கணீர்னு இருக்கும். இதையே இரும்புல செஞ்சிருந்தா எப்பவோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அதனாலதான் வீட்டுல வச்சே இதை சரி பண்ணி மறுபடி ஏரியில இறக்குறவங்க அங்க நெறைய. அதுல ஒரு விசித்திரம், இந்தப் படகுங்கள்ல பாதிக்கு மேல கெட்டுப்போறது வயசாகி இல்ல, யாரோ நல்லது பண்றோம்னு நெனச்சு பண்ணின ரிப்பேராலதான்னு நான் சொல்வேன். ஏன்னு புரிய கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேணும், பயப்படாதீங்க, கொஞ்சம்தான்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. 1944ல கிரம்மன் விமானக் கம்பெனியோட துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைப்பக்கம் லீவுக்குப் போயிருந்தாரு, மரச்சட்டத்துல கேன்வாஸ் போத்துன கனூவை (துடுப்பு போடுற ஒடுக்கமான சின்னப் படகு) தோள்ல தூக்கிக்கிட்டு ஏரிக்கு ஏரி நடந்ததுல இடுப்பு விட்டுப்போச்சு, விமானத்துக்கு அடிக்கிற அலுமினியத்துலயே இதைச் செஞ்சா என்னன்னு தோணிச்சு. போர் முடிய 1945லயே கிரம்மன் அலுமினியக் கனூ செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. விமானத்துல தகடை ரிவெட், அதாவது தலை வச்ச குட்டி உலோக ஆணி, அடிச்சு இணைக்கிற அதே வித்தைதான் படகுக்கும் வந்துச்சு, இன்னிக்கு நம்ம கொல்லையில கெடக்குறதும் அந்த வம்சம்தான்.

சரி, அலுமினியம் ஏன் துருப்பிடிக்கல? உண்மையில அது இரும்பை விட வேகமா ஆக்ஸிஜனோட சேரும். புதுசா சுரண்டின அலுமினியத்து மேல கண் சிமிட்டுறதுக்குள்ள ஒரு ஆக்ஸைடு படலம் வந்துடும், சில நானோமீட்டர்தான் தடிமன், தலைமுடியில பல்லாயிரத்துல ஒரு பங்கு. இரும்புத் துரு உப்பி, பொரிஞ்சு, உதிர்ந்து, அடியில இருக்குற புது இரும்பைக் காத்துல காட்டும். அலுமினிய ஆக்ஸைடு அப்படி உதிராது, தகடை இறுக்கிப் பிடிச்சு மூடிக்கும், கீறல் விழுந்தா தானே மறுபடி மூடிக்கும். இதுக்கு ரெண்டு நிபந்தனை உண்டு. சுத்தியிருக்கிற ஈரத்தோட பிஹெச், அதாவது அமிலமா காரமான்னு காட்டுற அளவு, சுமார் 4ல இருந்து 8.5க்குள்ள இருக்கணும், கீறலை மூட ஆக்ஸிஜன் கிடைக்கணும். கூடவே உப்போட குளோரைடு வந்தா படலத்துல அங்கங்க ஊசி குத்தின மாதிரி குழி பறிக்கும், கடல்ல ஓடின படகை வாங்குறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

இப்ப படகோட தரைப்பலகையைக் கழட்டுங்க. அடியில மஞ்சளா, ரொட்டி மாதிரி ஃபோம் இருக்கும். 1978க்கு அப்புறம் செஞ்ச 20 அடிக்குக் குறைவான அவுட்போர்டு (பின்பக்கம் வெளிய மோட்டார் மாட்டுற) படகு, ரொம்பச் சின்ன மோட்டார் போடுறதைத் தவிர, தண்ணி நிறைஞ்சாலும் மூழ்காம மட்டமா மிதக்கணும்னு அமெரிக்க கோஸ்ட் கார்டு விதி, அதுக்குத்தான் இந்த ஃபோம். ஒரு கன அடி தண்ணி 28 கிலோ சொச்சம், ஒரு கன அடி ஃபோம் ஒரு கிலோ கூட இல்ல, அப்ப ஒவ்வொரு கன அடியும் 27 கிலோ தூக்கும். இது காஞ்ச ஃபோம் கணக்கு. பழைய ஃபோம் வருஷக்கணக்கா தண்ணியை உறிஞ்சி வச்சிருக்கும், ஒரு துண்டைப் பிய்ச்சுப் பிழிஞ்சா சொட்டும், தூக்க வேண்டியதே பாரமா உக்காந்திருக்கும்.

அதை விட மோசமானது அந்த ஃபோம் தகடைத் தொட்டுக்கிட்டு இருக்குற இடம். ஈரம் இருக்கு, ஆனா அது அசையாத ஈரம், ஆக்ஸிஜன் தீர்ந்துபோன ஈரம். படலத்துல கீறல் விழுந்தா மூட வழியில்ல. சுத்தி ஆக்ஸிஜன் இருக்குற இடம் ஒரு முனையாவும் ஃபோமுக்கு அடியில இருக்குறது இன்னொரு முனையாவும் மாறி, ஒரே தகடு தனக்குள்ளயே ஒரு பேட்டரியா ஓடும், அதுல கரையுறது ஃபோமுக்கு அடியில இருக்குற பகுதி. பிளேடு வச்சு ஃபோமை நெம்பி எடுத்தா அங்க வெள்ளையா ஒரு மாவு ஒட்டியிருக்கும், ஈரமா இருந்தா பிசுபிசுன்னு. அலுமினியம் ஹைட்ராக்ஸைடு அது, ஒரு காலத்துல தகடா இருந்தது. அதைச் சுரண்டிட்டு உள்ள டார்ச் அடிச்சு, இருட்டுல வெளிய நின்னு பாத்தா வெளிச்சப் புள்ளி தெரியலாம். புது ஃபோம் போடுறவங்க, ஊத்துற ஃபோமை விட்டுட்டு மூடின செல் உள்ள, அதாவது குமிழிங்க ஒண்ணோட ஒண்ணு சேராத, பலகை ஃபோமை வெட்டி வச்சு, அடியில தண்ணி ஓட இடம் விடுறது எவ்வளவோ மேல்.

அடுத்தது டிரான்ஸம், அதாவது மோட்டார் மாட்டுற பின்பக்கம். ரெண்டு அலுமினியத் தகடுக்கு நடுவுல பிளைவுட், அது உளுத்துப் போயிருக்கும், ஸ்க்ரூடிரைவர் குத்தினா வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்கும். இங்கதான் அந்த நல்லெண்ண ரிப்பேர் நடக்கும். கடைக்குப் போய், தண்ணியில உளுக்காத மரம் குடுங்கன்னு கேட்டு, மருந்து ஏத்தின பச்சை நிற மரத்தை வாங்கிட்டு வந்து பூட்டுறது. அந்த மருந்து செம்பு. 2003 கடைசி வரைக்கும் வீட்டு உபயோக மரத்துல செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூணும் கலந்த மருந்து இருந்துச்சு, ஆர்சனிக்குக்குப் பயந்து கம்பெனிங்களே அதை நிறுத்தினதும் வந்த புது மருந்துகள்ல செம்போட அளவு இன்னும் கூடுதல்.

மழை பெய்யும், மரம் நனையும், செம்பு அயனி ஈரத்துல இறங்கி அலுமினியத்தைத் தொடும். அலுமினியம் எலக்ட்ரானைக் குடுத்துட்டு கரைஞ்சுபோகும், செம்பு எலக்ட்ரானை வாங்கிட்டு உலோகமா அங்கயே ஒட்டும். இதோட முடிஞ்சா கூட பரவாயில்ல, ஒட்டின செம்புத் துணுக்கு செலவாகாது, அது அங்கயே உக்காந்துக்கிட்டு பக்கத்து அலுமினியத்தை நிரந்தரமா அரிச்சுக்கிட்டே இருக்கும். 1.6, 2 மில்லிமீட்டர் தகடுக்கு இது ரொம்ப நாள் வேலை இல்ல. படகுக்குள்ள செம்புக் காசு போடாதே, அடியில செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் அடிக்காதேன்னு பழைய ஆளுங்க சொல்றதும் இதே காரணம்தான். மருந்தில்லாத நல்ல வெளிப்புற பிளைவுட் வாங்கி, வெட்டின விளிம்பு, போல்ட் துளை உட்பட எல்லா பக்கமும் எபாக்ஸி (ரெண்டு திரவத்தைக் கலந்து பூசுற, கெட்டியா இறுகுற பிசின்) ரெண்டு மூணு கோட் குடுத்துப் பூட்டினா போதும், தண்ணியே உள்ள போகலன்னா மருந்து எதுக்கு?

ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமான்னு கேப்பாங்க. அதுவும் அலுமினியத்தைக் கரைக்கிற ஜாதிதான், ஆனா இங்க பரப்பளவு நம்மளைக் காப்பாத்துது. சின்ன போல்ட், பெரிய தகடுன்னா அரிப்பு பரவலாகி மெதுவாயிடும். தலைகீழா, பெரிய ஸ்டெயின்லெஸ் பட்டையில குட்டி அலுமினிய ரிவெட் அடிச்சா ரிவெட்டு காலி. நடுவுல சீலன்டோ பிளாஸ்டிக் வாஷரோ வச்சு ரெண்டும் தொடாம பண்றது நல்லது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஏரிக்குப் போக வேண்டியதில்ல. டிரெய்லர் மேலயே வச்சு உள்ள தண்ணி ஊத்தி, அடியில படுத்து, சொட்டுற ரிவெட்டை மார்க்கரால வட்டம் போடணும். அளவோட ஊத்துங்க, தரை 3.5 மீட்டருக்கு 1.1 மீட்டர்னு வச்சா 10 சென்டிமீட்டர் தண்ணியே 385 கிலோ, டிரெய்லர் பட்டை இருக்குற நிலைமையில இதுக்கு மேல போனா அடியில படுத்திருக்கிற ஆளுக்கு ஆபத்து. தளர்ந்த ரிவெட்டை மறுபடி அடிக்க ரெண்டு பேர் வேணும், ஒருத்தர் உள்ள கனமான இரும்புக் கட்டையை ரிவெட்டோட வால் மேல அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தர் வெளிய தலையில ஏர் ஹாமரால ரெண்டு நொடி தட்டுவாரு, வால் நசுங்கி அகலமாகும், உடம்பும் கொஞ்சம் பருத்துத் துளையை நிரப்பும். ஆசைப்பட்டு அதிகமா அடிச்சா உலோகம் இறுகி விரிசல் விடும். வெளிய இருந்தே ஒருத்தரே அடிக்கக்கூடிய பாப் ரிவெட் சுலபம்தான், ஆனா சாதாரண பாப் ரிவெட்டுக்கு நடுவுல துளை இருக்கும், தண்ணி அதுல வரும், முனை மூடினது கேட்டு வாங்கணும். வெல்டிங் பத்தி ஒரு வரி: அலுமினியம் 660 டிகிரியில உருகும், மேல இருக்குற ஆக்ஸைடுக்கு 2000 டிகிரிக்கு மேல வேணும், தோல் உருகுறதுக்குள்ள உள்ள உருகி ஓடிடும், அதனால ஏசி கரண்ட்ல பண்ற டிக் (TIG) வெல்டிங் தெரிஞ்சவங்க கிட்ட விடுங்க.

பெயின்ட் உரியுறதுக்கும் அந்த ஆக்ஸைடும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். முதல்ல பிசுக்கு எடுக்கணும், அப்புறம்தான் உப்புத்தாள், மாத்திச் செஞ்சா எண்ணெயைக் கீறலுக்குள்ள தேச்சு விடுவோம். சுத்தமாயிடுச்சான்னு பாக்க தண்ணி தெளிங்க, தாமரை இலைத் தண்ணியா உருண்டு நின்னா இன்னும் பிசுக்கு இருக்கு, ஒரே படலமா பரவினா ரெடி. காஞ்ச உடனே பாஸ்பாரிக் அமிலம் கலந்த எட்ச் ப்ரைமர் அடிச்சா அது தகடைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதோட துணுக்கு தகடுல பதிஞ்சு நாளைக்கு துருப்புள்ளியா வரும். பழைய பச்சை மஞ்சள் ப்ரைமர் சுரண்டும்போது மாஸ்க் கண்டிப்பா போடுங்க, ஜிங்க் குரோமேட்டா இருந்தா அந்தத் தூசி கேன்சர் வரவைக்கும், மேல இருக்குற பழைய பெயின்ட்ல ஈயமும் இருக்கலாம்.

டிரெய்லருக்கு வருவோம், எல்லாரும் படகைப் பளபளன்னு ஆக்கிட்டு இதை விட்டுடுவாங்க, அப்புறம் ஹைவே ஓரத்துல சக்கரம் கழண்டு நிப்பாங்க. ஹைவேயில ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உக்காந்திருக்கிற சக்கரத்தோட நடுக்குடம், சூடா இருக்கும், உள்ள காத்து 60 டிகிரின்னு வைங்க. ரேம்ப்ல, அதாவது படகை ஏரியில இறக்குற சரிவுல, 15 டிகிரி தண்ணியில முக்கினதும் காத்து சுருங்கும், அழுத்தம் 13, 14 சதவீதம் இறங்கும், அதாவது சுமார் 2 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டுன்னு அழுத்தத்தை அளக்குற அலகு). ஒரு அடி ஆழத்துத் தண்ணி வெளிய இருந்து 0.4 பிஎஸ்ஐ தள்ளும். தேஞ்ச ஆயில் சீல் வழியா ஹப் தண்ணியை உறிஞ்சிடும், கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போகும், பேரிங் துருப்பிடிக்கும். பேரிங் பட்டின்னு ஒரு மூடி விக்குது, ஸ்பிரிங் வச்ச பிஸ்டன், உள்ள எப்பவும் 3 பிஎஸ்ஐ வச்சிருக்கும், மேல சொன்ன 2ம் 0.4ம் சேர்ந்த 2.4ஐ விட அதிகம், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனா கிரீஸ் கன்னை வெறிகொண்டு அமுக்கினா பின்பக்க சீல் பிதுங்கிடும். பழசைக் கழட்டி, கழுவி, உருளைகள்ல நீலம் பாஞ்சிருக்கா குழி விழுந்திருக்கான்னு பாத்து, மரைன் கிரீஸ் திணிச்சு, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழலாம தடுக்குற காட்டர் பின் புதுசா போடுங்க.

இடது இண்டிகேட்டர் போட்டா எல்லா லைட்டும் மங்கலா மினுக்குதா? பல்பைக் குறை சொல்லாதீங்க, எர்த் சரியில்ல. கரண்ட் திரும்பிப் போக துருப்பிடிச்ச சட்டத்தையும் டிரெய்லரைக் காரோட மாட்டுற ஹிட்ச் உருண்டையையும் நம்பியிருக்கும், அங்க வழி அடைபட்டா மத்த பல்புகள் வழியா சுத்திப் போகும். நாலு முனை பிளக்ல வெள்ளை ஒயர்தான் எர்த், அதை ஒவ்வொரு லைட்டு வரைக்கும் தனியா இழுத்துடுங்க.

கடைசியா படகு உக்காருற கட்டைங்க. மேல கார்பெட் சுத்தியிருக்கும், அது நாள்கணக்கா ஈரத்தை வச்சிருக்கும், அடியில இருக்கிறது பெரும்பாலும் அதே செம்பு மருந்து மரம். டிரான்ஸம்ல அவ்வளவு ஜாக்கிரதையா இருந்துட்டு இங்க மறந்தா வருஷம் முழுக்க படகோட அடிவயித்துல செம்புத் தண்ணியில ஊறின துணியைக் கட்டி வச்சதுக்கு சமம். மருந்தில்லாத பலகைக்கு வார்னிஷோ எபாக்ஸியோ குடுத்துப் போடுங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போச்சு. இல்ல கார்பெட்டே வேண்டாம்னு பிளாஸ்டிக் பட்டை அடிக்கலாம், படகு அதுல வழுக்கும், அதனால ரேம்ப்ல தண்ணிக்குள்ள போற வரைக்கும் படகை டிரெய்லர்ல இழுத்துப் பிடிக்கிற வின்ச் கொக்கியைக் கழட்டாதீங்க. கார்பெட்தான்னா ஸ்டேப்பிள் ஸ்டெயின்லெஸ்ல வாங்கி, பலகையோட மேல்பக்கம் அடிக்காம பக்கவாட்டுல, இல்ல அடியில அடிங்க.