விமானம் ரத்தானால் இழப்பீடு எவ்வளவு? கணக்கு கிலோமீட்டரில் இல்லை, மணிக்கணக்கில்

ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி என்று கடற்கரையில் எந்த ஊராக இருந்தாலும் சென்னைக்கு ஃப்ளைட் பிடிக்க மதுரைக்குப் போகணும், இல்லையென்றால் தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளம், அதை விட்டுவிடலாம்.

வான்வழியில் மதுரை–சென்னை சுமார் 420 கிலோமீட்டர், தூத்துக்குடி–சென்னை 525-ஐ ஒட்டி வரும். ஆனால் ஃப்ளைட் ரத்தானால் உங்களுக்கு எவ்வளவு தரணும் என்று சொல்லும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) விதி இந்தத் தூரத்தைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது 'பிளாக் டைம்': விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை ஆகும் நேரம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் சேர்த்து. டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடையிலுள்ள நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், அதற்கு மேல் இரண்டு மணி வரை 7,500, அதையும் தாண்டினால் 10,000. மதுரை–சென்னை அட்டவணையில் ஒரு மணியைத் தாண்டிவிடும், அதனால் 7,500 வரிசை. உடனே சந்தோஷப்பட வேண்டாம், இந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். டிக்கெட் பணம் திரும்ப வருவதோ மாற்று ஃப்ளைட்டோ இதில் சேராது, அது தனி.

24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லி, பழைய நேரத்தை ஒட்டி மாற்று ஃப்ளைட்டோ முழுப் பணமோ கொடுத்துவிட்டால் இழப்பீடு கிடையாது. நம் பக்கம் நிறையப் பேர் ஏஜென்ட்டிடம்தான் டிக்கெட் போடுகிறோம், அவர் தன் மொபைல் நம்பரையே கொடுத்துவிடுவார், ரத்துச் செய்தி அவருக்குப் போகும், நீங்கள் விடிகாலையில் கார் பிடித்து மதுரைக்கே போய் நிற்பீர்கள். தொடர்பு விவரம் சரியாகத் தராதவருக்கு இழப்பீடு இல்லை என்று விதியே சொல்கிறது, அதனால் உங்கள் நம்பரைப் போடச் சொல்லி வாங்குங்கள். புயல், மூடுபனி மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றாலும் இழப்பீடு கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் இதை எதிர்பார்த்தே கிளம்பணும்.

தாமதத்துக்குப் பணம் கிடையாது. ஆனால் இந்த மாதிரி குறுகிய தடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடோ சிற்றுண்டியோ தரணும், கேட்டு வாங்குங்கள். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று ஃப்ளைட்டா, முழுப் பணமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள். சென்னை வழியாக வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இரண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள், தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது ஃப்ளைட் தவறியதற்கு முதல் நிறுவனம் பொறுப்பேற்காது.

சரி, தூரத்துக்கு வேலையே இல்லையா? சிறு ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் இருக்கிறது. 2016-இல் அது வந்தபோது ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஒரு மணிப் பயணத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள், அதுவும் விமானத்தின் ஒரு பகுதி இருக்கைகளுக்கு மட்டும். சேலம்–சென்னை 2018-இல் அப்படித்தான் தொடங்கியது. மதுரை–சென்னை வழக்கமான தடம், அந்த வரம்பு இங்கே செல்லாது.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம். டிக்கெட்டும் ரத்துச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும், செய்தி வந்த நேரம் அதில் தெரியணும்.