சின்ன மின்சார காருக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்கலாமா?

சிங்கப்பூரில் ஒரு கார் சின்னதா பெரியதா என்பதை அதன் நீள அகலம் முடிவு செய்வதில்லை. கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ்தான், அதாவது சிஓஇதான், முடிவு செய்கிறது. சின்ன கார்களுக்கான அதன் ஏ பிரிவில் பெட்ரோல் காருக்கு இரண்டு வரம்புகள்: எஞ்சின் கொள்ளளவு 1,600 சிசி, திறன் 97 கிலோவாட். மின்சார காருக்கு, 2022 மே மாதத்திலிருந்து, 110 கிலோவாட் என்ற ஒரே வரம்பு. ஏறக்குறைய 4.7 மீட்டர் நீளமுள்ள டெஸ்லா மாடல் 3 கூட 2024இல் 110 கிலோவாட் பதிப்பாக வந்து ஏ பிரிவுக்குள் நுழைந்துவிட்டது.

மோட்டாரைச் சின்னதாக்க வேண்டிய அவசியம்கூட இதற்கு இல்லை. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்குத் தருவது இன்வெர்ட்டர். எவ்வளவு மின்னோட்டம் வரை போகலாம் என்று அதற்குச் சொல்வது மென்பொருள். உச்சவரம்பைக் குறைத்தால் கிலோவாட் குறையும். பேட்டரியில் இருக்கும் கிலோவாட் மணி, அதாவது யூனிட், அப்படியே இருக்கும். பாய்ச்சல் கொஞ்சம் மந்தம், போகும் தூரம் அதேதான். விரைவுச்சாலையிலேயே மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்ட முடியாத ஊரில் அந்தப் பாய்ச்சல் போனால் போகட்டும்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் குடிக்கும் கார் 58 யூனிட்டைச் செலவழிக்கிறது. அதே தூரத்துக்குச் சின்ன மின்சார காருக்கு 15 யூனிட் போதும். பெட்ரோல் எஞ்சினில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வீணாகிறது, அதுவும் நகரத்தில் இன்னும் மோசம். எஞ்சின் நன்றாக வேலை செய்வது ஓரளவு சுமை இருக்கும்போதுதான். சிராங்கூன் சாலையில் ஊர்ந்து போகும்போது காற்று உள்ளே வரும் வழியைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு, அந்த அடைப்புக்கு எதிராகக் காற்றை இழுப்பதற்கே அது சக்தியை விரயம் செய்கிறது.

பிரேக் இன்னொரு கதை. ஒன்றரை டன் கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.04 யூனிட். இருபத்தைந்து சிவப்பு விளக்குகளில் நின்றால் ஒரு யூனிட் போச்சு. பெட்ரோல் காரில் அது முழுவதும் பிரேக் தட்டைச் சூடாக்குகிறது. மின்சார காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது.

ஆனால் நம் ஊர் வெயில் தன் பங்கைக் கேட்கும். ஏசி ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட்தான். நெரிசலில் சராசரி 20 என்றால் அதுவே ஐந்து யூனிட். மற்றவர்கள் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயப்படுவார்கள். தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கே 50 கிலோமீட்டர்தான் என்னும் இங்கே, கவனிக்க வேண்டியது நெரிசலை.

இனி காசு. பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் மின்சாரம் யூனிட் 60 காசு என்று எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுகிறேன். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு 2,730 வெள்ளி. மின்சார காருக்கு 2,250 யூனிட் வேண்டும்; சார்ஜ் செய்யும்போது வீணாகும் பத்து விழுக்காட்டையும் சேர்த்தால் 2,500 யூனிட், 1,500 வெள்ளி. மிச்சம் 1,230.

ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தும், செலவு பாதியாகக்கூடக் குறையவில்லை. சாலை வரி அதிலும் கைவைக்கிறது. மின்சார கார் பெட்ரோல் தீர்வை கட்டுவதில்லை என்பதால், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி தனியாகச் சேர்க்கிறார்கள். 110 கிலோவாட் காருக்கு மொத்த சாலை வரி 1,560 வெள்ளி அளவில் வருகிறது. 1,600 சிசி பெட்ரோல் காருக்கு அதில் பாதிகூட இல்லை. கடைசியில் கையில் நிற்பது 400 வெள்ளி சொச்சம். நூறு கிலோமீட்டருக்கு நாலரை லிட்டரில் ஓடும், எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டோடு ஒப்பிட்டால் அதுவும் இல்லை, சாலை வரியைக் கட்டியதும் நஷ்டம்தான். எல்லை தாண்டி ஜொகூருக்கு அடிக்கடி போய் அங்கேயே மலிவாகப் பெட்ரோல் போடுகிறவரிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

வீட்டிலேயே சார்ஜ் செய்யும் தரைவீட்டுக்காரருக்குக் கணக்கு வேறு. வீட்டு மின்சாரம் யூனிட் 30 காசு என்றால் சார்ஜ் செலவு பாதியாகிவிடும். எல்லாரையும்விட லாபம் தனியார் வாடகை கார் ஓட்டுநருக்கு. ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, கார் நிறுத்துமிட விலையிலேயே, சாலை வரி வித்தியாசம் போக 3,300 வெள்ளி மிச்சம். என்னைக் கேட்டால், கூடுதல் விலை அவருக்குத்தான் தகும். வார இறுதியில் தேக்காவுக்கும் கடற்கரைப் பூங்காவுக்கும் மட்டும் காரை எடுக்கிறவர் மௌனமான ஓட்டத்துக்காக வாங்கலாம், மிச்சத்துக்காக வேண்டாம்.

பேட்டரி போய்விடுமே என்ற பயத்தை இங்கே கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஒரு சார்ஜில் 330 கிலோமீட்டர் ஓடும் கார், பத்தாண்டில் 1,50,000 கிலோமீட்டர் போனாலும் 450 முழுச் சுற்றுகள்தான். சின்ன கார்களில் பரவலாக இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும். அதைத் தின்பது காலமும் வெப்பமும். எதிர்மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் சிறிது சிறிதாகத் தடித்து, லித்தியத்தைச் சிறைப்பிடிக்கிறது. சூட்டிலும் நிறைந்த சார்ஜிலும் இது வேகமாக நடக்கும். மாடித்தளத்து வெயிலில் நிறுத்தாமல் கூரையுள்ள தளத்தில் நிறுத்துவது அதற்கு நல்லது. எப்படியும் பேட்டரிக்கு முன்பே, பத்தாவது ஆண்டில், சிஓஇ முடிந்துவிடும்.

அப்போது இன்னொரு விஷயம் தெரியவரும். மின்சார காருக்குக் கிடைக்கும் தள்ளுபடி, காரைப் பதிவு செய்யும்போது வரியாகக் கட்டும் கூடுதல் பதிவுக் கட்டணத்தில்தான் கழிக்கப்படுகிறது. பத்தாண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகையோ, அந்தக் கட்டணத்தில் நீங்கள் உண்மையில் கட்டியதை வைத்தே கணக்கிடப்படுகிறது. வாங்கும்போது குறைவாகக் கட்டினால் திரும்ப வருவதும் குறைவு. விற்பனையாளர் காட்டும் தள்ளுபடியை முழுசாக லாபம் என்று எழுதிக்கொள்ளும் முன், பத்தாம் ஆண்டில் திரும்ப வருவது எவ்வளவு என்றும் அவரிடமே கேட்டு வாங்குங்கள்.