பிரதிநிதியா, நிகராளியா, சார்பாளரா?

ராமேசுவரத்தில் படகைக் கட்டிப்போட்டு வேலைநிறுத்தம் தொடங்கினால் போதும், யாராவது ‘மீனவர் நிகராளிகள் ஆட்சியரைச் சந்தித்தனர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘பிரதிநிதி’க்கு மாற்றாக மொழிபெயர்ப்பாளர்கள் போடும் சொல் இந்த நிகராளி. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

பிரதிநிதி வடசொல். ‘பிரதி’ என்றால் பதிலாக. ‘நிதி’ இங்கே பணமல்ல, வைக்கப்பட்டது. ஒருவருக்குப் பதிலாக வைக்கப்பட்ட ஆள், அவ்வளவுதான்.

நிகராளி அப்படியல்ல. நிகர் என்றால் ஒப்பு, சமம். யாருக்கு யார் சமம்? ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் சட்டமன்றத் தொகுதிகள் ஆறு. அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம், திருச்சுழி விருதுநகர் மாவட்டம். முண்டு மிளகாய் போடுபவர், பரமக்குடி நெசவாளி, பாம்பன் படகுக்காரர் எல்லாருக்கும் ஒரே எம்.பி. அவர் இவர்களில் யாருக்கு நிகர்? சரி, சங்கத்துக்காரரைச் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். விசைப்படகுச் சங்கத்தின் கோரிக்கை வேறு, அந்த விசைப்படகுகளின் இழுவலையால் வலை அறுபடும் நாட்டுப்படகுக்காரரின் கோரிக்கை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அங்கே பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு இந்த இருவருமே நிகரில்லை.

சார்பாளர் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘சார்பு’ என்றால் ஒருதலைப்பட்சம் ஆயிற்றே என்பார்கள். ஆகட்டுமே! நம் பக்கம் சாயாத எம்.பி. நமக்கு எதற்கு? சார்தல் என்றால் அண்டியிருத்தல் என்றும் பொருள் உண்டு; ஓட்டுப் போட்டவர்களை அண்டித்தானே அவர் பதவி நிற்கிறது. அந்தச் சார்பு பாதியிலேயே அறுந்துபோவதும் உண்டு. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தில் இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். இலங்கைக் கடற்பகுதியில் நம்மவர் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் கடிதம் மாற்றிக்கொண்டவர்களோ வெளியுறவுச் செயலர்கள், யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாதவர்கள்.

அப்படி அறுந்த இடத்தில்தான் தங்கச்சிமடத்தில் மறியல் நடக்கிறது. மறியலில் உட்காருபவர் எவருக்கும் பதிலாக வைக்கப்பட்டவரல்ல, தானே வந்தவர். அவருக்குப் பிரதிநிதியும் பொருந்தாது, நிகராளியும் பொருந்தாது. கூட்டத்திலிருந்து நாலு பேரைப் பேச அனுப்பும்போதுதான் சார்பாளர் பிறக்கிறார், அதுவும் அந்தப் பேச்சு முடியும்வரைதான்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும், வாய்தான் வலிக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: எந்தப் போராட்டத்தைக் கண்டாலும் ‘எதிர்ப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். மறியல், உண்ணாவிரதம், வேலைநிறுத்தம், படகில் கறுப்புக்கொடி என்று கரையில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருக்கிறது. வந்து கேட்டால் சொல்வார்கள்.